லண்டன், வழி மான்செஸ்டர்

என் வீட்டுக்காரர் இருபத்தெட்டு வருஷம் தனியார் பஸ் ஓட்டியவர். விருத்தாசலத்தில் கிளம்பி மங்கலம்பேட்டை வழியாக உளுந்தூர்பேட்டை, திரும்ப அதே வழியில் விருத்தாசலம். முதலாளி மாறினார், பஸ் மாறியது, ரூட் மட்டும் மாறவில்லை. கடைசியில் அவருக்குக் கண்ணில் நீர் அழுத்தம் இருப்பதாகச் சொன்னார்கள். நேரே இருப்பது நன்றாகத் தெரியும், பக்கவாட்டில் இருப்பது மங்கிவிடும். டாக்டர் பேசி முடிப்பதற்குள் இவர் முடிவு செய்துவிட்டார். மறுநாள் காலையில் முதலாளி வீட்டுக்குப் போய்ச் சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தே திரும்பி வந்தார்.

"சைடுல வர்ற வண்டி கண்ணுக்குத் தெரியல. அத்தினி பேர ஏத்திக்கிட்டு ஓட்டக் கூடாது" என்றார்.

அதன் பிறகு பஸ்ஸில் ஏறுவதையே தவிர்த்தார். சேத்தியாத்தோப்பில் அவர் தங்கை வீட்டு விசேஷத்துக்குக்கூட யாருடைய பைக்கிலாவது தொற்றிக்கொண்டு போவார். வேறு வழியில்லாமல் பஸ் ஏறினால் கடைசி சீட்டுக்குப் போய்விடுவார். முன்னால் உட்கார்ந்தால் கால் சும்மா இருக்காது. டிரைவர் பிரேக் போடுவதற்கு முன்பே இவருடைய வலது கால் தரையை அழுத்தும்.

எங்களுக்கு ஒரே மகள். நர்ஸிங் படித்தாள், லண்டனில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போனாள், கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளையும் அங்கே போய்ச் சேர்ந்தார். அவள் உண்டானதும் நாங்கள் இருவரும் வந்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். நான் பீங்கான் பொம்மை செய்யும் கம்பெனியில் வண்ணம் பூசும் வேலை பார்க்கிறேன். மூன்று மாதம் லீவு கேட்டதும் முதலாளியம்மா, "மக பிரசவத்துக்குப் போவாம வேற எதுக்குப் போவ" என்று உடனே சரி சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. வரமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு கேள்வி கேட்டார்.

"லண்டன் எவ்ளோ தூரம் பாப்பா?" என்று ஒருநாள் மகளிடம் போனில் கேட்டார்.

"எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல வரும்பா. பதினோரு மணி நேரம் ஆவும்."

"எடையில எங்கியும் நிக்காதா?"

"நேரா இங்கதான் வந்து நிக்கும்."

"டிரைவரு ஒருத்தரேவா ஓட்டுவாரு?"

"இல்லப்பா, மாத்தி மாத்தி ஓட்டுவாங்க."

அதில் அவருக்குத் திருப்தி. ஆனால் திரும்பி வரும்போது ஒரு மணி நேரம் குறையும் என்று அவள் சொன்னதை அவரால் ஏற்க முடியவில்லை. அதே ஊர், அதே தூரம், அதே விமானம். அது எப்படிக் குறையும் என்றார்.

"காத்துப்பா. இங்க வர்றப்போ எதிர்காத்து. போறப்போ அதே காத்து பின்னாலேருந்து தள்ளும்."

"அப்படிச் சொல்லு" என்றார். ஆடி மாதத்தில் மங்கலம்பேட்டை ரோட்டில் எதிர்காற்றில் பஸ் ஓட்டியவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

கம்பெனியில் என் பக்கத்தில் உட்கார்ந்து பொம்மைகளுக்குப் புருவம் எழுதும் பெண்ணுக்கு வேறொரு சந்தேகம். "யக்கா, காலையில பிளைட்டு ஏறி அதே நாளு காலையிலயே போய் எறங்குவீங்களாமே, மெய்யாவா?" மெய்தான். அங்கே பொழுது நமக்குப் பின்னால்தான் விடிகிறது. விடியற்காலம் சென்னையில் ஏறினால், பதினோரு மணி நேரம் பறந்த பிறகும் அங்கே மத்தியானம் ஆகியிருக்காது. அதை அவளுக்கு விளக்கிச் சொல்வதற்குள் எனக்கே குழம்பிவிட்டது.

பிரசவத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது போய்ச் சேர்வதாக ஏற்பாடு. விருத்தாசலத்தில் ரயிலேறிச் சென்னை போனோம். விமான நிலையத்தில் எல்லாச் சோதனையும் முடித்து, ஏறுவதற்கு வரிசையில் நிற்கும்போது மாப்பிள்ளை போன் செய்தார்.

"அத்தை, பயப்படாதீங்க. வலி வந்துடுச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம்."

மகளிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். அவள் மூச்சை இழுத்து இழுத்துப் பேசினாள். "ஒண்ணுமில்லம்மா. மொதப் பிரசவம், நேரமாவும். நீங்க பத்தரமா ஏறி வாங்க." அவள் நர்ஸாக இருந்து எத்தனையோ பேருக்குச் சொன்ன வார்த்தைகள்தான் அவை. அவள் வாயிலிருந்து எனக்கு வந்தபோது தாங்க முடியவில்லை. அதற்குள் எங்கள் வரிசை நகர்ந்துவிட்டது. சீட்டில் உட்கார்ந்ததும் எல்லோரையும் போனை அணைக்கச் சொன்னார்கள். அணைத்தேன். இனி பதினோரு மணி நேரம் என் மகளுக்கு என்ன நடந்தாலும் எனக்குத் தெரியாது.

எங்கள் வரிசையில் மூன்று சீட். நடைபாதை ஓரம் என் வீட்டுக்காரர், நடுவில் நான், ஜன்னலோரம் தலையில் துப்பட்டா போட்ட ஒரு பெண். எனக்குப் பத்து வயது இளையவளாக இருப்பாள். நான் அழுவதைப் பார்த்துவிட்டு, தன் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

"எந்த ஊருங்கக்கா?"

"விருத்தாசலம்."

"நான் மங்கலம்பேட்டைங்க" என்றவள், எனக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்க உளுந்தூர்பேட்டை பஸ்ஸு ஓட்டினவங்கதானே?" என்றாள்.

அவர் தலையாட்டினார்.

"நான் உங்க பஸ்ஸுலதான்ணே காலேஜுக்கு வந்துட்டுப் போனேன். நான் ஓடியாறதப் பாத்தா நிறுத்திக்கினே இருப்பீங்க. கண்டக்டரு சத்தம் போடுவாரு."

"அந்தப் புள்ளையா நீ" என்றார் அவர். அவருக்கு உண்மையிலேயே நினைவிருந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதன் பிறகு அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. மகளுக்கு வலி வந்திருப்பதை அவரே அவளிடம் சொன்னார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் துவா செய்றேன்க்கா, நல்லபடியா ஆயிடும்" என்றாள்.

முன்சீட்டின் முதுகில் ஒரு சின்னத் திரை இருந்தது. அதில் உலகப் படத்தின் மேல் நாங்கள் போகும் விமானம் ஒரு பொம்மை போல ஒட்டிக்கொண்டிருக்கும். கீழே போய்ச் சேர இன்னும் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம் என்று எழுதியிருக்கும். எல்லோரும் சினிமா பார்த்தார்கள். நான் அதைத்தான் பார்த்தேன். சாப்பாடு வந்தது, தொடவில்லை. கண்ணை மூடிப் பத்து நிமிஷம் சாமியைக் கும்பிட்டுவிட்டுத் திறந்தால் பத்தே நிமிஷம்தான் குறைந்திருக்கும்.

நாலு மணி நேரம் போயிருக்கும். மங்கலம்பேட்டைக்காரி ஜன்னல் மூடியைத் தூக்கிவிட்டுக் கீழே பார்த்தாள். வெளியே நல்ல வெயில். கீழே ஒரே மணல், அதன் ஓரத்தில் கடல். அவள் திரையில் இருந்த படத்தையும் வெளியேயும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இங்கதான்க்கா எங்க வூட்டுக்காரரு இருக்காரு" என்றாள்.

"இங்கியா?"

"இதோ, இந்தக் கரையோரமா. இப்ப காலையில டூட்டிக்குக் கம்பெனி பஸ்ஸுல ஏறியிருப்பாரு. ரெண்டு வருசமாச்சு அவரப் பாத்து. மவன் லண்டன்ல படிக்கிறான், அவனப் பாக்கத்தான் போறேன். இவரு தலைக்கு மேலயே போறேன் பாருங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு உள்ளங்கையை ஜன்னல் கண்ணாடியில் வைத்தாள். மணல் முடிந்து மலைகள் வரும் வரை அந்தக் கையை எடுக்கவில்லை. நான் அந்த நேரம் திரையைப் பார்க்க மறந்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் தூங்கவே இல்லை. சுற்றிலும் எல்லோரும் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு தூங்கினார்கள். இவர் மட்டும் முதுகை நேராக வைத்து முன்னால் பார்த்தபடியே இருந்தார். முன்னால் பார்ப்பதற்கு ஒரு திரைச்சீலையைத் தவிர எதுவும் இல்லை.

"செத்த நேரம் கண்ண மூடுங்க" என்றேன்.

"டிரைவரு முழிச்சிக்கிட்டு இருக்கறப்போ நாம தூங்கறது நல்லால்ல."

"உங்க பஸ்ஸுல எல்லாரும் தூங்கத்தானே செஞ்சாங்க."

"அதான் சொல்றேன்" என்றார்.

மேகத்துக்குள் நுழைந்து விமானம் குலுங்கத் தொடங்கியபோது நான் அவர் காலைப் பார்த்தேன். வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

இன்னும் அரை மணி நேரம் என்று திரை காட்டியபோது எனக்கு உயிர் வந்தது. செருப்பை மாட்டி, தலையை வாரி முடிந்துகொண்டேன். விமானம் கீழே இறங்குவது காதில் தெரிந்தது. வெளியே வெள்ளையாக எதுவும் தெரியவில்லை. பிறகு இறங்குவது நின்றது. படத்தில் அந்தப் பொம்மை விமானம் லண்டனுக்குப் பக்கத்தில் வட்டமடிக்கத் தொடங்கியது. ஒரு வட்டம், இன்னொரு வட்டம். அதுவரை குறைந்துகொண்டே வந்த கிலோமீட்டர் அப்படியே நின்றது. பிறகு கிலோமீட்டர் கூட ஆரம்பித்தது. நாங்கள் லண்டனை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தோம்.

விமானி ஏதோ அறிவித்தார். மங்கலம்பேட்டைக்காரி கவனித்துக் கேட்டுவிட்டு எனக்குச் சொன்னாள். "பனியாம்க்கா. ஒண்ணுமே தெரியலையாம். மான்செஸ்டர்னு வேற ஊருல எறக்குறாங்களாம்."

எனக்கு வாய்விட்டு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்கு வெளியே என் கையைத் தொட்டுப் பழக்கமில்லாத மனிதர் போர்வைக்கடியில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நடைபாதைக்கு அந்தப் பக்கம் இருந்த தமிழ்ப் பையனிடம், "தம்பி, அந்த ஊருலேருந்து லண்டனுக்கு ரோடு இருக்குதா?" என்று கேட்டார்.

"நல்ல ரோடு இருக்கு அங்கிள். நாலஞ்சு மணி நேரம் ஆகும்."

"ரோடு இருக்குதாம்" என்று என்னிடம் திரும்பிச் சொன்னார். "ரோட்டுல போயிடலாம். அழுவாத."

மான்செஸ்டரில் இறங்கியதும், எங்கள் போனில் லைன் கிடைக்காததால், மங்கலம்பேட்டைக்காரியின் போனில் மாப்பிள்ளையைக் கூப்பிட்டோம். பிரசவ அறைக்குள் இருக்கிறாள், இன்னும் ஆகவில்லை, அவளும் குழந்தையும் நன்றாக இருக்கிறார்கள் என்றார். பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே வருவதற்கே வெகுநேரம் ஆகிவிட்டது. குளிர் என்றால் என்ன என்று அங்கேதான் தெரிந்தது. வரிசையாகப் பஸ்கள் நின்றன. எங்கள் பஸ்ஸை ஓட்ட வந்தது ஒரு பெண். என் வயது இருக்கும். நரைத்த தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். எங்கள் பெட்டிகளைத் தானே தூக்கி அடியில் அடுக்கினாள். பிறகு பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றிவந்து ஒவ்வொரு டயரையும் குனிந்து பார்த்தாள்.

என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். எல்லோரும் ஏறிய பிறகு ஏறி, டிரைவருக்கு நேர் பின்னால் இருந்த சீட்டைத் தாண்டி, படிக்கட்டுப் பக்கம் இருந்த முதல் சீட்டில் உட்கார்ந்தார். அங்கிருந்து ரோடும் தெரியும், டிரைவரும் தெரியும். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஸ்டீரிங்கு நம்ம ஊரு மாதிரி வலது பக்கந்தான் இருக்குது" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "இடது ஓரமாத்தான் போறாங்க" என்றார். அதுவும் நம் ஊர் மாதிரிதான். அதில் அவருக்கு எவ்வளவு நிம்மதி என்று குரலில் தெரிந்தது.

போகப் போகப் பனி கூடியது. முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்குகள் மட்டும் தெரிந்தன. அவள் வேகத்தைக் குறைத்து, அந்த விளக்குகளுக்கு ஒரே அளவு தூரம் விட்டு ஓட்டினாள். வெகுநேரம் கழித்து அவர், "நல்லா ஓட்டறாங்க" என்றார். எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருஷத்தில் இன்னொரு டிரைவரைப் பற்றி அவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

வழியில் ஓர் இடத்தில் டீக்கும் பாத்ரூமுக்கும் நிறுத்தினார்கள். எல்லோரும் இறங்கிப் போனார்கள். அவர் என் கைப்பையிலிருந்து முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்கச் சொல்லி, இரண்டை எடுத்துக் காகிதத்தில் வைத்து அந்த டிரைவரிடம் நீட்டினார். அவள் ஏதோ கேட்டாள். இவர் முறுக்கைக் கடிப்பது போலச் செய்து காட்டினார். அவள் கடித்துவிட்டுத் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தாள். பிறகு இவர் தன் நெஞ்சைத் தொட்டு, இரண்டு கைகளாலும் ஸ்டீரிங் பிடிப்பது போலக் காட்டி, "மீ பஸ் டிரைவர். இந்தியா" என்றார்.

அவளுக்கு ஒரே சந்தோஷம். தன் பிளாஸ்க்கிலிருந்து இவருக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தாள். பிறகு டிரைவர் சீட்டைக் காட்டி, உட்கார்ந்து பாருங்கள் என்று கையால் அழைத்தாள். பஸ் எஞ்சினை அணைத்துத்தான் நிறுத்தியிருந்தது. உட்கார்ந்தால் என் போனில் ஒரு படம் எடுத்திருப்பேன். அவர் சீட்டைப் பார்த்தார், அதன் முன்னால் இருந்த அத்தனை பொத்தான்களையும் விளக்குகளையும் பார்த்தார். பிறகு தன் கண்ணைத் தொட்டுக் காட்டி, வேண்டாம் என்று கையை அசைத்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மீதி முறுக்கையும் தின்றாள்.

"சும்மா ஒக்காந்துதான் பாக்கறது" என்றேன் நான்.

"அது அவங்க சீட்டு" என்றார்.

மறுபடி கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து மங்கலம்பேட்டைக்காரி, "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டபடி சீட்டுகளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். போனை என் காதில் வைத்தாள். மாப்பிள்ளைதான். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. அவருக்குப் பின்னால் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. அது போதும் எனக்கு.

"பொண்ணு, அத்தை. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

நான் அவர் பக்கம் திரும்பினேன். அவருக்கு என் முகத்தைப் பார்த்ததே போதுமாக இருந்தது. ஓட்டும் டிரைவரிடம் பேசக் கூடாது என்று தன் பஸ்ஸில் தானே எழுதி வைத்திருந்த மனிதர், எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மேடம், பேபி. மை டாட்டர். பேபி" என்றார். அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கட்டை விரலை உயர்த்தினாள். பிறகு மைக்கை எடுத்துப் பஸ் முழுக்கக் கேட்கும்படி ஏதோ சொன்னாள். எனக்குப் புரிந்தது கிராண்ட்பா என்ற ஒரு வார்த்தைதான். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். அவருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர் அப்பா செத்தபோதுகூட அவர் இப்படி அழுததில்லை.

லண்டனில் இறங்கும்போது இருட்டிவிட்டிருந்தது. மங்கலம்பேட்டைக்காரியின் மகன் வந்து காத்திருந்தான். அவள் என்னைக் கட்டிப்பிடித்து, "ஊருக்கு வந்தா வூட்டுக்கு வரணும், பேத்தி போட்டோவ எடுத்துக்கினு வரணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எங்களை மாப்பிள்ளையின் நண்பர் காரில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

மகள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் கேட்கவேண்டும் என்று நான் வழியெல்லாம் என்னென்னவோ நினைத்து வைத்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள், "ஏம்மா, ரெண்டு பேரும் ஏதாவது சாப்ட்டீங்களா?" என்றாள்.

குழந்தை துணிச் சுருளுக்குள் முகம் மட்டும் தெரியத் தூங்கிக்கொண்டிருந்தது. மூக்கு அப்படியே அவருடைய மூக்கு. அவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தும் தூக்கப் பயந்தார். நான்தான் அவர் மடியில் வைத்தேன். பக்கவாட்டில் இருப்பது சரியாகத் தெரியாது என்பதால் தலையை முழுசாகத் திருப்பித் திருப்பி, அவள் காது, கை, கால் விரல் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு நர்ஸ் நேரமாகிவிட்டது என்று சொல்ல வந்தவள், கொஞ்ச நேரம் கதவருகே நின்றுவிட்டுப் பேசாமல் போய்விட்டாள்.

மூன்று மாதம் இருந்தோம். பூண்டுக் குழம்பும் பிரசவ மருந்தும் நான் பார்த்துக்கொண்டேன். குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட உட்காரும்போது மகள் கதவை இழுத்துச் சாத்தி ஹீட்டரைக் கூட்டி வைப்பாள். அவர் வீட்டு வாசலில் நிற்கும் சிவப்பு மாடி பஸ்ஸில் ஏறி, மாடியில் முன்வரிசையில் உட்கார்ந்து, கடைசி ஸ்டாப் வரை போய்விட்டுத் திரும்பி வருவார். நாலு வார்த்தைக்கு மேல் இங்கிலீஷ் தெரியாமல் அந்த ஊரின் பாதி ரூட் அவருக்குத் தெரிந்துவிட்டது. பனி விலகிய ஒருநாள் மகளையும் பேத்தியையும்கூட மாடிக்கு ஏற்றி அழைத்துப் போனார்.

கிளம்பும் நாளில் விமான நிலையத்தில் மகள் குழந்தையை அவர் தோளில் சாய்த்தாள். அவர் அதை வெகுநேரம் வைத்திருந்துவிட்டு மாப்பிள்ளையிடம் கொடுத்தார்.

விமானம் மேலே ஏறிய பிறகு திரையில் பத்து மணி நேரம் என்று காட்டியது. "வர்றப்போ இருந்த காத்து இப்ப இருந்திருக்கலாம்" என்றார். "ஏங்க?" என்றேன். "மெள்ளப் போவும்ல" என்றார். கொஞ்ச நேரத்தில் அவர் தலை என் தோளில் சாய்ந்தது. சாப்பாட்டு வண்டி வந்தபோதுகூட நான் எழுப்பவில்லை.

விருத்தாசலம் ஸ்டேஷனில் இறங்கி, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தோம். பூட்டியிருந்த வீட்டில் எங்கும் தூசி. பெட்டியை இறக்கி வைத்ததுமே அவர் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

"வூடு வந்து சேந்துட்டோம் பாப்பா. கொழந்த முழிச்சிக்கிட்டு இருக்குதா?"

"இப்பதான் முழிச்சுப் பால் குடிச்சாப்பா. உங்க சத்தம் கேட்டதும் பாருங்க, தலையத் திருப்பித் திருப்பித் தேடறா."

அவர் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "இங்கதான்டா இருக்கேன்" என்றார். நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.